வீட்டு வாசலில் வில்வித்தை: இலக்குத் தாங்கியை நாமே செய்யலாம், எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி

பள்ளியில் வில்வித்தைக் குழுவில் சேர்ந்த பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் திடலில் எய்வது சில மாதங்களில் போதாமல் போகும். வீட்டிலும் பழக வேண்டும் என்று கேட்கத் தொடங்கும். அப்பா வில் விலையை விசாரிப்பார், அம்மா பக்கத்து வீட்டைப் பார்ப்பார். இரண்டு பேரும் உடனே யோசிக்காத ஒன்று உண்டு. எய்த அம்பு எதில் போய் நிற்கும்?

கடையில் விற்கும் இலக்குத் திண்டும் அதைத் தாங்கும் முக்காலியும் சேர்ந்தால் சில நூறு வெள்ளி ஆகிவிடும். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன், பள்ளிப் பேருந்து, டியூஷன் என்று பிரித்துக் கொடுக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் தாங்கியும் திண்டும் ஓய்வான ஒரு சனிக்கிழமையில் வீட்டிலேயே செய்யக்கூடியவைதான். மளிகைக் கடையில் வீசும் அட்டைப்பெட்டி, நாலைந்து மரச்சட்டம், கொஞ்சம் போல்ட், நட் இருந்தால் போதும். சிரமம் செய்வதில் இல்லை, வைப்பதில் இருக்கிறது. செராஸ் போன்ற இடத்தில் அது சிரமத்தைத் தாண்டி ஆபத்தாகவும் மாறலாம்.

துப்பாக்கி என்றால் பேச்சே வேண்டாம்

வெளிநாட்டுக் காணொளிகளில் வீட்டுக் கொல்லையில் இலக்கு நட்டு, காற்றுத் துப்பாக்கியால் சுட்டுப் பழகுவதைப் பார்த்துவிட்டு அதையே இங்கும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மலேசியாவில் அது நடக்காது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், குழல் வழியாகக் குண்டோ வேறு பொருளோ பாய்ச்சி உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய எதையும் ஆயுதம் என்றே சொல்கிறது. காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் அந்த விளக்கத்திலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவசரகாலம் முடிவுக்கு வந்த அதே ஆண்டில் பிறந்த சட்டம் இது. தோட்டங்களைக் காவலர்கள் துப்பாக்கியோடு சுற்றிவந்த காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு அதன் கடுமை ஏன் என்று விளக்கத் தேவையில்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறை உண்டு. 1971-ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டம் அதற்கு மேலே பிரம்படியையும் சேர்க்கிறது. இணையத்தில் யாரோ விற்கிறார் என்பது சட்டப்படி வாங்கலாம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அசல் துப்பாக்கி போலவே தோன்றும் போலிகளிலும் சிக்கல் உண்டு.

துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகக் கற்க விரும்பினால் சங்கம் வழியாக, சுபாங் தேசியத் துப்பாக்கிச் சுடும் மையம் போன்ற முறையான இடத்துக்குப் போவதுதான் வழி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்ற நூர் சூர்யானி அந்த ஒழுங்கில் வளர்ந்தவர்தான்.

வில்லுக்குக் குழல் இல்லை, ஆகவே ஆயுதச் சட்டத்தின் அந்த விளக்கத்துக்குள் அது வராது. அதனால் கட்டுப்பாடே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தக்க காரணமின்றி ஆபத்தான கருவியைப் பொது இடத்தில் கொண்டு செல்வதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. பயிற்சிக்குப் போகும்போது வில்லின் நாணைக் கழற்றி உறையில் வைத்து, அம்புகளை மூடிய குழாயில் போட்டுக் கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்கினால் குற்றவியல் சட்டத்தின் 336, 337, 338-ஆம் பிரிவுகளும், உயிரே போய்விட்டால் 304ஏ பிரிவும் காத்திருக்கின்றன. பிள்ளை எய்தது, நான் எய்யவில்லை என்ற பதில் பக்கத்து வீட்டுக்காரரிடம் எடுபடாது.

ஒரு பாகை தவறினால்

புதிதாகப் பழகுபவரின் வில் 18 முதல் 24 ராத்தல் இழுவிசை கொண்டதாக இருக்கும், சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. ‘சின்ன வில்தானே’ என்று தோன்றும். ஆனால் அந்தச் சின்ன வில்லை மேல்நோக்கிச் சாய்த்து விட்டால் அம்பு நூறு மீட்டருக்கு அப்பால் போய் விழும். செராஸ் வரிசை வீடுகளில் நூறு மீட்டர் என்றால் நாலைந்து தெரு. வில்லைத் தூக்கி வானத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டே கீழே இறக்கும் பழக்கத்தைப் பயிற்றுநர்கள் கண்டிப்பது இதனால்தான். விரல் நழுவினால் அம்பு எங்கே போகிறது என்று எய்தவருக்கே தெரியாது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வில் ஒரே ஒரு பாகை விலகினால் 5 மீட்டர் தூரத்தில் அம்பு சுமார் 9 சென்டிமீட்டர் விலகும். 18 மீட்டரில் அது 31 சென்டிமீட்டர். ஒலிம்பிக் தூரமான 70 மீட்டரில் 1.22 மீட்டர். ஒலிம்பிக்கில் பயன்படும் இலக்குத் தாளின் முழு விட்டமே 122 சென்டிமீட்டர்தான், அதாவது நடுவைக் குறி வைத்தவர் அரைப் பாகைக்கு மேல் தவறினாலே தாளுக்கு வெளியே. 60 சென்டிமீட்டர் அகலத் திண்டு செய்து 18 மீட்டரில் வைத்தால், புதியவரின் அம்புகளில் பல அதைத் தொடாமலே பறக்கும். அதே திண்டை 5 மீட்டரில் வைத்தால் மூன்று பாகை தவறினாலும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பழகுவதற்கு 5 மீட்டர் போதும், 3 மீட்டரானாலும் குறையில்லை. தூரம் வேண்டுமானால் திடலுக்குப் போக வேண்டும்.

அவ்வளவு பக்கத்தில் எய்து என்ன பயன் என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும். தேசிய அளவு வீரர்களும் இலக்குத் தாளே ஒட்டாத வெற்றுத் திண்டின் முன்னால் மூன்று மீட்டரில் நின்று மணிக்கணக்காக எய்வார்கள். புள்ளியைப் பார்க்கும் ஆசை இல்லாதபோதுதான் தோளும் முழங்கையும் விரலும் சரியாக வேலை செய்கின்றனவா என்று கவனம் போகும். தாள் கட்டாயம் வேண்டும் என்றால் அளவைச் சுருக்கி ஒட்டலாம். உள்ளரங்கப் போட்டியில் 18 மீட்டரில் 40 சென்டிமீட்டர் தாள். அதுவே 5 மீட்டரில் 11 சென்டிமீட்டர் வட்டம். சாதாரண ஏ4 தாளில் இரண்டு வரைந்துவிடலாம். நடுவிலிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று வண்ணம் தீட்டும் வேலையைத் தம்பி தங்கைகளிடம் விட்டுவிடலாம்.

இடம்

தாமான் வீடு என்றால் பெரும்பாலும் 20 அல்லது 22 அடி அகலம். பின்புறம் என்று வரைபடத்தில் இருந்த இடத்தைச் சமையலறை விழுங்கி வெகு காலம் ஆகியிருக்கும். அதற்கு அப்பால் இருப்பது பின்சந்து, அது மாநகர் மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ உரிய பொது வழி. அங்கே சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள், குப்பை எடுப்பவர் வருவார், பூனைக்குச் சோறு வைக்கும் பாட்டி வருவார். பின்சந்தில் எய்யக் கூடாது.

மிச்சம் இருப்பது முன்புறக் கார் நிறுத்தும் இடம், நீளம் ஐந்தாறு மீட்டர். வீட்டிலிருந்து வாசல் கதவை நோக்கி எய்தால் தவறிய அம்பு தெருவுக்குப் போகும். வாசலிலிருந்து வீட்டை நோக்கி எய்தால், உள்ளே இருந்து யாராவது கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். பக்கவாட்டில் எய்யலாமா என்றால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பது பல இடங்களில் இடுப்பளவுச் சுவர். உண்மையைச் சொல்வதானால், வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு முன்வாசல் பயிற்சி பொருந்தாது. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, சன்னலோ கதவோ இல்லாத சுவரின் முன்னால் திண்டை வைத்து, மூன்று மீட்டரில் எய்வதுதான் அங்கே பாதுகாப்பானது. மூலை வீட்டுக்காரர்களுக்கு யோகம். அவர்களுடைய பக்கத்து நிலத்தில் சொந்த வீட்டுச் சுவரையே பின்தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு நடைபாதையும் கார் நிறுத்துமிடமும் எல்லாருக்கும் பொதுவான சொத்து, அங்கே வில்லை எடுக்கவே கூடாது.

தோட்டப்புறத்தில் இட நெருக்கடி இல்லை, ஆனால் அந்த விசாலம் ஏமாற்றும். லயத்துக்குப் பின்னால் செம்பனை மரங்கள்தானே என்று எய்தால், மரங்களுக்கு நடுவே குலை அறுப்பவர் இருப்பார், மோட்டார் சைக்கிள் வரும், ஆடு மேயும். நிர்வாகத்தின் அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ கனமான சுவரோ இல்லாத இடத்தில் நிற்கவே வேண்டாம். தகர வேலி, செடி வேலி, பலகைத் தடுப்பு எதையும் நம்பக் கூடாது.

பின்தடுப்பு என்பது திண்டைத் தவறவிட்ட அம்பைப் பிடிப்பது. பழைய கனத்த கம்பளத்தையோ வில்வித்தைக்கென விற்கும் வலையையோ சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தளர்வு முக்கியம். இழுத்துக் கட்டிய துணியை அம்பு துளைத்துவிடும், தொங்கும் துணி அம்போடு சேர்ந்து அசைந்து அதன் வேகத்தைத் தின்றுவிடும். உயரம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலமும் திண்டின் இரு பக்கமும் ஒரு மீட்டராவது நீள வேண்டும்.

திண்டு

அம்பை நிறுத்துவது திண்டின் கடினம் அல்ல, உராய்வு. இது புரியாததால்தான் பலர் தடித்த பலகையை நட்டுவிட்டு, முனை மாட்டிக்கொண்ட அம்பைப் பிடுங்கும்போது உடைக்கிறார்கள். அடுக்கடுக்காக இறுக்கிய பொருளின் நடுவே அம்பு நுழைந்தால் அதன் தண்டு முழுவதையும் அடுக்குகள் பிடித்துக்கொள்ளும். மெல்ல மெல்ல நிற்கும், இழுத்தால் முழுதாக வரும்.

அட்டைப்பெட்டிகளை 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். செப்புக் கம்பி ஊசி, ஒட்டுநாடா எல்லாவற்றையும் முதலில் பிய்த்துவிட வேண்டும், ஒரே ஒரு கம்பி ஊசி அம்பைத் திருப்பிவிடப் போதும். சாதாரண அட்டை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். இறுக்கிய பின் 60 சென்டிமீட்டர் உயரம் வர வேண்டுமானால் இருநூறுக்கு மேல் துண்டுகள் வேண்டும். மலைக்க வேண்டாம், மளிகைக் கடையில் இரண்டு வாரம் சொல்லிவைத்தால் கிடைத்துவிடும். துண்டுகளைப் படுக்கையாக அடுக்கி, மேலும் கீழும் 70 சென்டிமீட்டர் நீளக் கனத்த பலகை ஒவ்வொன்று வைக்க வேண்டும். பலகைகளின் இரு ஓரத்திலும் துளையிட்டு, அடுக்குக்கு வெளியே நிற்கும்படி 12 மில்லிமீட்டர் மரைக் கம்பி இரண்டைச் செருகி, வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே விரல் நகம் நுழையாத அளவுக்கு இறுக வேண்டும். அம்பு அட்டைகளின் விளிம்புப் பக்கமாகத்தான் நுழையும், தட்டையான பக்கமாக அல்ல. கம்பி இருக்கும் ஓரங்களின் முன்னால் ரப்பர் பட்டை ஒன்றை ஆணியடித்து மறைத்துவிடுவது நல்லது.

அட்டைக்குப் பதில் பிள்ளைகள் விளையாடும் நுரைப் பாயைக் கீறி இதே முறையில் அடுக்கலாம். எடை குறைவு, மழையில் ஊறாது. ஆனால் வேகமாக நுழையும் அம்பின் உராய்வுச் சூட்டில் நுரை இளகித் தண்டில் ஒட்டும். குளியல் சவர்க்காரத்தைத் தண்டின் முன்பாதியில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் எளிதாகக் கழன்று வரும். இன்னும் சுருக்கமான வழி அரிசிச் சாக்கு. பழைய துணியும் பிளாஸ்டிக் பையும் திணித்துத் தைத்தால் சிறுவர் வில்லுக்குத் தாங்கும். பொத்தானும் ஜிப்பும் உள்ளே போய்விடக் கூடாது. சில நாளில் துணி அடியில் இறங்கி மேல்பாதி காலியாகும், அந்த நேரம் அம்பு சாக்கை ஊடுருவிப் பின்னால் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பாலிஸ்டைரின் பெட்டி பார்க்க வசதியாகத் தோன்றும். இரண்டு நாளில் பொடியாகிக் கால்வாயை அடைக்கும். பழைய டயரில் பட்ட அம்பு எய்தவரை நோக்கியே திரும்பலாம், மழை பெய்தால் அதில் ஏடிஸ் குடியேறும்.

முக்காலி

ஆறடி நீளமுள்ள, இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம் மூன்று. இரண்டை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏணி போல நிறுத்தி, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் போட வேண்டும். மூன்றாவது, மேல் குறுக்குச் சட்டத்தின் நடுவில் கீல் வைத்துப் பின்னால் விரியும் கால். எல்லா இணைப்புக்கும் போல்ட், நட் போடுங்கள். அம்பு படும் ஒவ்வொரு அதிர்ச்சியிலும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். திண்டு உட்காரும் தட்டு 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும், அடியில் இரும்புக் கோணத் தாங்கி இரண்டு.

உலக வில்வித்தை விதிப்படி இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர். அதற்குத் தட்டு சுமார் 95 சென்டிமீட்டரில் வர வேண்டும். வீட்டில் அந்த அளவில் பிடிவாதம் தேவையில்லை. 5 மீட்டரில் எய்பவருடைய தோள் உயரத்துக்கு நடுப்புள்ளி இருந்தால் அம்பு தரைக்கு இணையாகப் பறக்கும், தவறினாலும் மேலே போகாது. முன்சட்டங்களில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு வைத்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் தட்டை ஏற்றி இறக்கலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்து எய்பவருக்கும் அப்படியே. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. 2019-இல் நெதர்லாந்தில் நடந்த உலகப் பாரா வில்வித்தைப் போட்டியில் ஆடவர் ரிகர்வ் பிரிவில் தங்கம் வென்று உலக வெற்றியாளரானவர் மலேசியாவின் சுரேஷ் செல்வதம்பி. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் ‘இதெல்லாம் நமக்கு எதற்கு’ என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

தாங்கியை நிமிர்த்தி வைக்காமல் 10 முதல் 15 பாகை பின்னோக்கிச் சாய்க்க வேண்டும். ஆறடிச் சட்டத்தில் 12 பாகைச் சாய்வு என்றால் மேல்நுனி அடிக்காலைவிட 38 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும், நூல்குண்டு கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தொலைவிலிருந்து சரிந்து இறங்கும் அம்பை நேராக வாங்குவதற்காக ஏற்பட்ட விதி இது. ஐந்து மீட்டரில் அந்தத் தேவை இல்லை, ஆனால் வேறொரு பயன் உண்டு. அட்டைத் திண்டு இரண்டு பேர் தூக்கும் கனம். நேராக வைத்தால் அந்தக் கனம் முன்பக்கம் விழும். அம்பைப் பிடுங்க இழுக்கும்போது திண்டு பிள்ளையின் மேலேயே கவிழும். சாய்வு கொடுத்தால் கனம் மூன்று காலுக்கும் நடுவே இறங்கும். அதோடு லோரியில் சாமான் கட்டும் பட்டையால் திண்டைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பின்கால் விரிந்துபோகாமல் முன்குறுக்குச் சட்டத்துக்கு ஒரு நைலான் கயிறு. சிமெண்டுத் தரையில் கால் வழுக்கும். பழைய சிலிப்பரை வெட்டி அடியில் ஒட்டினால் நிற்கும், கீழ்க் குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு மணல் மூட்டையும் போட்டுவிட்டால் மாலைக் காற்றுக்கும் அசையாது.

எய்யும் நேரம்

முதல் அம்பைப் பெரியவர் எய்ய வேண்டும், இரண்டு மீட்டரில் நின்று. முனை திண்டின் பின்புறம் எட்டிப் பார்த்தால் நட்டை இன்னும் முடுக்க வேண்டும். எய்பவருக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது. வீட்டுக் கதவு பூட்டியிருக்க வேண்டும். எல்லா அம்பும் எய்து முடித்து வில்லைக் கீழே வைத்த பிறகே எல்லாரும் சேர்ந்து திண்டுக்குப் போவது வழக்கம். அம்பில்லாமல் நாணை இழுத்து வெறுமனே விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, கை உடைந்து சிதறும்.

இந்த விளையாட்டில் காயம் எய்யும்போதுதான் வரும் என்று நினைக்கிறோம். அம்பைப் பிடுங்கும்போதும் வரும். ஒரு கையைத் திண்டின் மேல் விரித்து அழுத்திக்கொண்டு, மறு கையால் அம்பைத் திண்டுக்கு மிக அருகே பிடித்து நேராக இழுக்க வேண்டும். இறுகிய அம்பு சட்டென்று கழன்று வரும்போது அதன் வால்நுனி பின்னால் நிற்பவரின் கண் உயரத்துக்குத்தான் வருகிறது. அக்கா அம்பு பிடுங்குவதை வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்து நிற்கும் சின்னவனை முதலில் நகர்த்துங்கள். கார்பன் அம்பாக இருந்தால் எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். கீறல் சத்தம் கேட்டால் அது குப்பைக்கு. விரிசல் விட்ட தண்டு நாணிலிருந்து கிளம்பும்போதே பிளந்து, வில் பிடித்த கையில் பாயும்.

பிற்பகலில் மழை இருட்டிக்கொண்டு வருவது இங்கே வாடிக்கை. அட்டைத் திண்டு ஒரு முறை நனைந்தால் உப்பி, காய்ந்ததும் அடுக்குகள் தளர்ந்துவிடும். தரையோடு வைத்தால் கறையான் ஏறும். கேன்வஸ் போட்டு மூடுபவர்கள் அதன் மடிப்புகளில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏடிஸ் புழுக்களைக் கண்டுபிடித்தால் சுகாதாரத் துறை அபராதம் போடும், இலக்குத் தாங்கியை மூடிய கேன்வஸ் என்று சலுகை கிடைக்காது. நடுப்பகுதி பிய்ந்து அம்பு ஆழமாகப் போக ஆரம்பித்ததும் நட்டைத் தளர்த்தி, நடுவில் இருந்த அட்டைகளை மேலும் கீழும் மாற்றி அடுக்கி மறுபடி முடுக்கினால் திண்டு இன்னும் சில மாதம் ஓடும்.